அடுத்தவர் மெயில்

மயிலு என்பது அவளுடைய பெயர் இல்லை. சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கடிதப் போக்குவரத்து முழுவதையும் கவனித்துக்கொண்டவள். கப்பல் எப்போது வரும், பெட்டி எந்தத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, யார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று காலையில் உட்கார்ந்தால் மாலைவரை மெயில்தான். வீட்டுக்கு வந்தும் விடமாட்டாள். அந்த மெயில் வந்துச்சா, இந்த மெயில் போச்சா என்று போனில் யாரையாவது பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள் அவள் போனை வைத்ததும் கணவர் சொன்னார்: "உன்னை இனிமே மயிலுன்னுதான் கூப்பிடப்போறேன்."

"தோகை எங்க?"

"அதான் வாய் இருக்கே, போதாதா?"

பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய தங்கைகூடச் சில நாள் கேலிக்கு அப்படிக் கூப்பிட்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கைபட்டவை. "வாழ்க்கையில எவ்வளவோ உயரத்துக்குப் போயிருக்கேன். என்ன, அத்தனை தடவையும் இறங்கி வந்துட்டேன்" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான்.

அந்த லிஃப்ட்டில்தான் முதலில் தெரிந்தது. வெளியே போன மயிலு வெகுநேரமாகத் திரும்பவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். "லிஃப்ட்டுக்குள்ளயே நின்னுட்டு இருந்தாங்க. யாராவது ஏறினா கூடவே மேல போறாங்க, இறங்கினா கூடவே கீழ வர்றாங்க. எந்த மாடின்னு கேட்டா சிரிக்கிறாங்க."

மயிலு அப்போதும் சிரித்தபடிதான் இருந்தாள். "அவ்வளவு பட்டன் எதுக்குங்க வச்சிருக்காங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். இது வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மயிலு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"என்னிக்காவது தெரியத்தானே போகுது?"

"அன்னிக்குத் தெரியட்டும். எல்லாரும் இனிமே என்னை ஒரு மாதிரி பாப்பாங்க. நீங்களே இப்ப அப்படித்தான் பாக்கறீங்க. அவ ஒருத்திகிட்டயாவது நான் நானா இருந்துட்டுப் போறேனே."

அவர் சரி என்றார்.

தங்கை கடல் கடந்த ஒரு நாட்டில் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையல்கூடத்தில் வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே பகல் என்றால் அங்கே தூக்கம். அதனால் அக்காவும் தங்கையும் போனைவிட மெயிலையே பழகிக்கொண்டார்கள். நோய் வந்த பிறகு மயிலு போனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். பேச்சில் ஒரு சொல் வராமல் போனால் எதிரில் இருப்பவர் கவனித்துவிடுவார். எழுதும்போது அந்தச் சொல் வரும்வரை காத்திருக்கலாம். தங்கை போன் செய்தால் அவர் எடுத்து, "குளிக்கிறாம்மா", "இப்பதான் கண் அசந்தா" என்று சமாளித்துவிடுவார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருவாள். அது ரொம்பப் பழசு. கிளம்ப மனமில்லாத பஸ்ஸைப் போல உறுமி, இருமி, ஒருவழியாக வெளிச்சம் காட்டும். அதற்குள் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள், நாற்காலியை இழுத்துச் சரிசெய்வாள், விரல்களைச் சொடுக்குவாள். மெயில் திறந்ததும் தங்கையிடமிருந்து வந்தது சிவப்பு எழுத்தில் மேலே நிற்கும். மற்றவையெல்லாம் தாமாகவே வேறு இடத்துக்குப் போய்விடும். எழுத்துகள் பெரிது பெரிதாக இருக்கும். கீழே 'அக்கா' என்று தானாக விழும். எல்லாம் அவளே, நன்றாக இருந்த காலத்தில், ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டவை.

அடுப்பை எப்படி அணைப்பது என்பது போய்விட்டது. கிழமை போய்விட்டது. மகளின் வீட்டுக்கு வழி போய்விட்டது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் கைகள் தாமே வேலை செய்தன. அவர் சமையலறையில் பாத்திரம் துலக்கியபடி அந்தத் தட்டச்சுச் சத்தத்தைக் கேட்பார். அது கேட்கும்வரை வீடு பழைய வீடாக இருந்தது. என்ன எழுதுகிறாள் என்று ஒருநாளும் எட்டிப்பார்த்ததில்லை.

பிறகு கம்ப்யூட்டர் படுத்தது. முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பின் பாதியில் அணைந்துபோவது, பின் நாலு தடவை தட்டினால்தான் எழுவது. மகளை வரச்சொன்னார்.

மகள் அச்சகம் ஒன்றில் பக்கம் அமைக்கும் வேலை செய்பவள். ஒரு கோடு மயிரிழை நகர்ந்திருந்தாலும் அவளுக்குக் கண்ணை உறுத்தும். கம்ப்யூட்டரின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"டிஸ்க் போகப்போகுதுப்பா. இன்னிக்கோ நாளைக்கோ."

"போனா போகட்டும். வேற வாங்கினா மெயில் வராதா?"

"புதுசு வரும். பழசு? அம்மா வச்சிருக்கறது அந்தக் காலத்துப் பழக்கம். மெயில் வந்ததும் மொத்தமா இந்தப் பெட்டிக்குள்ள இறங்கிடும். வெளியில ஒண்ணும் மிச்சம் இருக்காது. இது போச்சுன்னா சித்தி எழுதின அத்தனையும் போச்சு. அதைவிட, அம்மாவுக்குப் பழகின இந்தத் திரை போயிடும்."

"அப்படியே எடுத்து வைக்க முடியாதா?"

"முடியும். புரொஃபைல்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதை அலுங்காமத் தூக்கிட்டுப் போய் அங்க வச்சா மெயில், முகவரி, பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே வந்துடும். வீடு மாத்தற மாதிரி இல்லப்பா. வீட்டையே தூக்கி வேற தெருவுல வைக்கிற மாதிரி."

"அடி படாமத் தூக்கு" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் புதுக் கம்ப்யூட்டரோடு வந்தாள். பழையதை எழுப்பி, அந்த ஃபோல்டரைத் தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தாள். நடுவில் இரண்டு தடவை நின்றுபோனது. மூன்றாம் முறை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அவர் தன்னை அறியாமல் அந்தப் பெட்டியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நகல் முழுதாக வந்தது. பிறகு அதே மெயில் புரோகிராமின் அதே பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் புதியதில் ஏற்றினாள். ஃபோல்டரை அதன் இடத்தில் வைத்தாள். திறந்தாள். தங்கையின் சிவப்பு எழுத்து மேலே நின்றது.

மகள் அதோடு விடவில்லை. பழைய திரையையும் பழைய கீபோர்டையும் கழற்றிப் புதியதில் மாட்டினாள். தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுத் திரையில் மெயில் விரியும் கட்டத்தின் அகலத்தைக்கூட அளந்து வைத்தாள்.

இடையில் மயிலு வந்து நின்றாள். "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"உன் கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சும்மா. புதுசு வாங்கியிருக்கோம்."

"நல்லா இருக்கே" என்றாள், விருந்தாளி வீட்டுப் பொருளைப் பாராட்டுவது போல. "யாருக்கு?"

"உனக்குத்தாம்மா."

"எனக்கு எதுக்கு? என்கிட்ட இருக்கே."

சாப்பிட்ட பிறகு அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். அவரும் மகளும் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்கள். மயிலு கையை நீட்டி பட்டன் இருந்த இடத்தைத் தொட்டாள். அங்கே பட்டன் இல்லை. மகள் ஓடிப்போய் அமுக்கினாள். புதுக் கம்ப்யூட்டர் உறுமாமல், இருமாமல் உடனே வெளிச்சம் காட்டியது. மயிலு அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. அவள் இன்னும் எதற்கோ காத்திருந்தாள்.

"எழுது மயிலு" என்றார் அவர்.

அவள் திரையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"இது யாரோட சீட்டு?"

"உன்னோடதுதாம்மா. பாரு, சித்தி எழுதியிருக்காங்க" என்று மகள் சிவப்பு எழுத்தைக் காட்டினாள்.

"தொடாதே!" மயிலு மகளின் கையைத் தட்டிவிட்டாள். குரல் அவளுடைய ஆபீஸ் குரலாக இருந்தது. "அடுத்தவங்க மெயிலைத் திறக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அவங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?"

எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினாள். அவரைப் பார்த்து மரியாதையாக, "வந்ததும் சொல்லிடுங்க சார், நான் எதையும் தொடலை" என்றாள்.

மகள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவர் ஒவ்வொரு மதியமும் நாற்காலியை இழுத்துப்போட்டார். அவள் வேறு யாருடைய வீட்டிலோ நடப்பது போல ஒதுங்கி நடந்தாள். கடைசியில் மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பழையதையே திரும்ப மாட்டினாள். பலமுறை தட்டிய பிறகு அது எழுந்தது. அந்த உறுமல் கேட்டதும் உள்ளறையில் இருந்த மயிலு தானாக வந்தாள். நாற்காலியை இழுத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். விரலைச் சொடுக்கினாள். அவர் மூச்சுவிடவில்லை. மெயில் திறந்தது. அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். முகத்தில் அந்தப் பழைய கெட்டிக்காரச் சிரிப்பு, கீழுதட்டை ஒரு பக்கமாகக் கடித்துக்கொள்ளும் வழக்கம், எல்லாம் வந்தன. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரை நீலமாகியது. கரகரவென்று ஏதோ அரைபட்டது. பிறகு சத்தமே இல்லை.

மயிலு இருட்டிய திரையைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. "அவ்வளவுதான் போல" என்று எழுந்து போனாள்.

அந்தப் பெட்டி அதன் பிறகு எழவில்லை. ரிப்பேர்க் கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

புதுக் கம்ப்யூட்டரில் தங்கையின் மெயில்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிவப்பாக வந்து நின்றன. அவர் திறக்கவில்லை. ஆனால் தலைப்பு கண்ணில் பட்டது. முதலில் 'எப்படி இருக்கே'. பிறகு 'உடம்பு சரியில்லையா'. பிறகு 'கோபமா?'. அந்தக் கடைசிச் சொல் அவரைக் குத்தியது.

"நீங்க எழுதுங்கப்பா, அம்மா எழுதற மாதிரி" என்றாள் மகள் போனில். "அம்மா பழசெல்லாம் அங்கயே இருக்கு. ரெண்டு படிச்சுப் பாத்துட்டு அதே மாதிரி எழுதிடுங்க."

"அவ எழுதினதை நான் படிக்க மாட்டேன்."

"அப்பா..."

"அவ இதுவரைக்கும் காட்டினதில்ல. நானும் கேட்டதில்ல."

ஆனாலும் எழுத உட்கார்ந்தார். லிஃப்ட் கம்பெனிக்குப் புகார் எழுதித்தான் அவருக்குப் பழக்கம். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். 'அன்புள்ள தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம். நீ நலமா? கம்ப்யூட்டர் பழுதானதால் எழுத முடியவில்லை. கவலைப்பட வேண்டாம்.' கீழே 'அக்கா' என்று தானாக விழுந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் திருடனைப் போல அவருக்கு வியர்த்தது. அனுப்பிவிட்டார்.

போன் வந்தது. சாயங்காலம் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்" என்றாள் தங்கை. "அதை எழுதினது நீங்கதானே?"

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அக்கா ஒரு நாளாவது என்னை அன்புள்ள தங்கைன்னு எழுதினதுண்டா? ஏய் வாலுன்னுதான் ஆரம்பிப்பா. எனக்கு ஐம்பத்தஞ்சு வயசாகுது, இன்னும் வாலுதான். அக்காவுக்கு என்ன ஆச்சு? இருக்காளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"ஐயோ, இருக்காம்மா. இருக்கா." மடித்த துணியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சொல்லாதீங்க என்று கேட்டவள் கூடத்தில் ஜன்னலருகே நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். லிஃப்ட், டாக்டர், பஸ், அந்த வாக்கு, கம்ப்யூட்டர். 

தங்கை குறுக்கிடாமல் கேட்டாள். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு அத்தான்" என்றாள் கடைசியில். "எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்குன்னு எழுதுவா. அடுத்த வாரம் மறுபடியும் அதே பூனை போடும். அதுக்கடுத்த வாரமும். நானும் ஒவ்வொரு தடவையும் எத்தனை குட்டி, என்ன நிறம்னு கேட்டு எழுதுவேன். ஒருநாள்கூட அக்கா உனக்கு என்னன்னு கேக்கலை. கேட்டா உண்மையைச் சொல்லிடுவாளேன்னு பயம்."

லீவுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தங்கை கிடைத்த லீவை எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு, "அக்கா" என்று கட்டிக்கொண்டாள். மயிலு அந்த அணைப்புக்குள் விறைப்பாக நின்றாள். பிறகு முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். "அழாதீங்க. எல்லாம் சரியாயிடும். தண்ணி குடிக்கிறீங்களா?"

நீங்க என்று சொன்னதுதான் தங்கையை உடைத்துப்போட்டது. அவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனாலும் அவள் அசரவில்லை. அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள், சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய்ச் சாக்கடையில் விழுந்த கதையைச் சொன்னாள். மயிலு ரசித்துச் சிரித்தாள். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள். "அவளும் இப்படித்தான். சும்மாவே இருக்க மாட்டா."

"அவங்க எங்க இருக்காங்க?"

"ரொம்பத் தூரம். என் மெயிலுக்காகக் காத்துட்டு இருப்பா. நான்தான் எழுதவே இல்ல." மயிலுவின் முகம் வாடியது. "ஏன் எழுதலைன்னு தெரியல. பாவம், கோவிச்சுக்கிட்டாளோ என்னமோ."

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதித் தரட்டுமா?" என்றாள் தங்கை. "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"அடுத்தவங்களுதைத் தொடக்கூடாதே."

"நான் அவங்ககிட்ட கேட்டுட்டேன். தொடலாம்னு சொல்லிட்டாங்க."

மயிலு நம்பினாள். தங்கை கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். மயிலு பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள். திரையில் சிவப்பாக நின்றதெல்லாம் தங்கையே எழுதியவை. அவற்றைக் கடந்து வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். அனுப்ப வேண்டிய முகவரியாகத் தன்னுடையதையே போட்டாள்.

"ஏய் வாலு. அப்படித்தான் ஆரம்பிக்கணும்" என்றாள் மயிலு. "மரியாதையெல்லாம் போட்டுடாதீங்க, சிரிப்பா."

"சரி. அப்புறம்?"

"எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு."

தங்கை அடித்தாள். "எத்தனை குட்டின்னு கேப்பாங்களே?"

"நாலு. இல்ல, இருங்க... நாலுதான்." மயிலு யோசித்தாள். சொல்லைத் தேடும்போது கீழுதட்டைக் கடித்தாள். "அப்புறம்... இங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. ரொம்ப நல்லவங்க. தலை வாரி விடறாங்க. ஆனா அவங்க போனதும் வீடு வெறிச்னு ஆயிடும். நீ எப்ப வருவேன்னு எழுதுங்க. லீவு கிடைச்சா வான்னு எழுதுங்க. கிடைக்கலைன்னா பரவாயில்ல. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க. அது முக்கியம். அவ சும்மாவே பயப்படுவா."

தங்கைக்குத் திரை கலங்கித் தெரிந்தது. எழுத்து மாறி மாறி விழுந்தது. அழித்து அழித்து அடித்தாள். கீழே 'அக்கா' என்று தானாக வந்து நின்றது.

"முடிச்சாச்சா? அனுப்பிடுங்க."

தங்கை அனுப்பினாள்.

அவள் இருந்தவரை மதியங்கள் அப்படியே போயின. சில நாள் மயிலு நிறையச் சொன்னாள். சில நாள் 'ஏய் வாலு' என்பதோடு மறந்துபோய் ஜன்னலைப் பார்த்தாள். ஒருநாள் தங்கை என்று ஒருத்தி இருப்பதே நினைவில் இல்லை. மறுநாள் திரும்ப வந்தது. மகள் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் தூசு தட்டித் துடைத்தாள். தான் மாற்றியதால்தான் இப்படி ஆனதோ என்று சித்தியிடம் கேட்டாள். "இல்லடி. நீ பிடிச்சு வச்சுப் பாத்தே, அவ்வளவுதான்" என்றாள் சித்தி.

லீவு முடிந்தது. டாக்ஸி கீழே நின்றது. தங்கை அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.  லிஃப்ட்டின் கதவு மூடும்வரை மயிலு கையாட்டினாள்.

பிறகு அவரும் மயிலுவும் பால்கனிக்கு வந்து நின்றார்கள். டாக்ஸி வளைவில் திரும்பி மறைந்தது.

"நல்ல பொண்ணு" என்றாள் மயிலு. "யாரு வீட்டுப் பொண்ணுங்க அது?"

அவர் பொய் சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை. "உன் தங்கச்சி மயிலு."

மயிலு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு நொடி முழுசாக அவளாக இருந்தாள். கண்கள் நிறைந்தன. தெருவை எட்டிப் பார்த்தாள். டாக்ஸி போன வளைவில் யாரும் இல்லை.

"அப்புறம் ஏங்க அவளை அனுப்பிட்டீங்க?" என்றாள்.